அத்தியாயம் 6: இறக்கத்தைப் பார்த்து வாங்குங்கள்

சித்திரபுரத்தைச் சுற்றியுள்ள ஏலத்தோட்டங்களுக்கு உரமும் ஆளும் ஏற்றிக்கொண்டு முப்பது வருஷமாக ஜீப் ஓட்டும் ஒருவரிடம், பெரிய ஏ.டி.வி. (எல்லா நிலத்திலும் ஓடும் நாலு சக்கர வண்டி) ஒன்று வாங்கலாமா என்று யோசனை கேட்டேன். கையில் நாலு மாடல்களின் வண்ணப் பிரசுரம் வைத்திருந்தேன். குதிரைத்திறன், சி.சி., டயர் அளவு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். அவர் பீடியை அணைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏத்தத்துல நின்னுபோச்சுன்னா சக்கரத்துக்குப் பின்னால கல்லு வைக்கலாம் முதலாளி. எறக்கத்துல நிக்கலைன்னா எங்க போயி கல்லு வைப்பீங்க?"

பிரசுரங்களில் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. விற்பவர்கள் காட்டும் படங்களில் வண்டி எப்போதும் ஏறிக்கொண்டே இருக்கிறது. நம் மலையில் வேலை செய்யும் வண்டியோ, ஏறும் தடவையெல்லாம் இறங்கியும் ஆக வேண்டும். பல தோட்டங்களில் ரோடு மேலே, ஸ்டோர் கீழே. அங்கே உரமும் மருந்துத் தண்ணீரும் சுமையாக இறங்குகின்றன. வெறும் வண்டிதான் ஏறுகிறது. அதனால் இந்த அத்தியாயம் வண்டிகளை இறக்கத்தின் பக்கமிருந்து ஒப்பிடுகிறது.

நிலத்துக்கு ஏற்ற வண்டியைத் தேடுவது இந்த மலைக்குப் புதிதில்லை. 1902-இல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளம் போட்டு, அதில் ஓடிய வண்டிகளை மாடுகளைக் கட்டி இழுத்தார்கள். 1908-இல் அதை எடுத்துவிட்டுச் சிறிய ரயில் விட்டார்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குத் தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கி இறங்கின. அங்கிருந்து போடிக்கு வண்டிப் பாதை. 1924 வெள்ளம் ரயிலைக் கொண்டுபோனது. கம்பிவடத்தைக் கவனியுங்கள்: தேயிலை மலையிறங்க வேண்டியிருந்தது, செங்குத்தான சரிவில் சக்கரம் நிற்காது என்று தெரிந்தது, சக்கரத்தையே விட்டுவிட்டார்கள். சில சரிவுகளுக்கு எந்த வண்டியும் வேண்டாம் என்பதும் ஒரு முடிவுதான்.

முதலில் உங்கள் பாதையை அளங்கள்

கடைக்குப் போகும் முன் தோட்டத்தில் அரை நாள் செலவழியுங்கள். ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான குச்சி, ஒரு ரசமட்டம் (போனில் உள்ளதும் போதும்), ஒரு அளவு டேப். குச்சியின் ஒரு முனையைச் சரிவில் வைத்து, மட்டமாகப் பிடித்து, மறுமுனையிலிருந்து தரை எத்தனை சென்டிமீட்டர் கீழே இருக்கிறது என்று பாருங்கள்.

- 18 செ.மீ. = 10 டிகிரி
- 27 செ.மீ. = 15 டிகிரி
- 36 செ.மீ. = 20 டிகிரி
- 47 செ.மீ. = 25 டிகிரி
- 58 செ.மீ. = 30 டிகிரி

பாதை நெடுக அளக்க வேண்டாம். மிகச் செங்குத்தான மூன்று இடங்கள், வளைவு இருக்கும் இடங்கள், பாதை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும் இடங்கள் போதும். பக்கச் சாய்வைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். வண்டி கவிழ்வது பெரும்பாலும் அங்கேதான். பாதையின் அகலத்தையும் குறுகலான இடத்தில் அளங்கள். பெரிய ஏ.டி.வி. சுமார் 1.2 மீட்டர் அகலம். ஜீப்புக்கு ஒன்றரை மீட்டருக்கும் கூடுதலாக வேண்டும். ஜீப் போகாத இடத்துக்குப் போவதுதான் ஏ.டி.வி.யின் பலம். உங்கள் பாதை முழுக்க ஜீப் போகுமானால், இந்த அத்தியாயத்தைப் பாதியில் மூடிவிட்டு நல்ல பழைய ஜீப் ஒன்றைத் தேடலாம், நஷ்டம் இல்லை.

சுமைக் கணக்கு

பெரிய ஏ.டி.வி. என்றதும் சிறிய லாரியைப் போல நினைத்துவிடுகிறோம். கணக்கைப் பாருங்கள். யமஹா கிரிஸ்லி 700-இன் முன் கேரியர் 50 கிலோ, பின் கேரியர் 90 கிலோ. நம் மொழியில் சொன்னால் முன்னால் ஒரு டி.ஏ.பி. மூட்டை, பின்னால் இரண்டு யூரியா மூட்டை; அவ்வளவுதான். சுஸுகி கிங்குவாட் 750-இல் முன்னால் 30, பின்னால் 60 கிலோ. அதாவது பின்னால் ஒரு மூட்டை, கூடவே கொஞ்சம் கருவிகள். 722 சி.சி. இன்ஜின் இருந்தும் கேரியர் சிறியது. இன்ஜினின் அளவு சுமையின் அளவைச் சொல்லாது.

இதற்கு மேல் ஒரு மொத்த எல்லையும் உண்டு. ஓட்டுபவர், இரண்டு கேரியர்கள், டிரெய்லரின் கொக்கி மேல் விழும் பாரம் எல்லாம் சேர்ந்து அந்த எல்லைக்குள் இருக்க வேண்டும். போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 570-இல் அது 220 கிலோ. கேரியர்கள் 41 கிலோவும் 82 கிலோவும். ஓட்டுபவர் 75 கிலோ என்றால் மொத்தம் 198; மிச்சம் 22. டிரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் உட்காரும். ஆக, கேரியர்களை நிரப்பிவிட்டால் 220 கிலோ டிரெய்லரோடு சரி. பிரசுரத்தில் இழுவைத் திறன் 556 கிலோ என்று போட்டிருப்பதும் உண்மைதான். அது மட்டமான தரைக் கணக்கு, கேரியர் காலியாக இருக்கும் கணக்கு.

மருந்தடிக்கும் டிரம்மை எடுத்துக்கொள்வோம். 200 லிட்டர் டிரம் நிரம்பினால் தண்ணீர் மட்டுமே 200 கிலோ. அதைக் கேரியரில் ஏற்றவே கூடாது. டிரெய்லரில் பம்பும் ஓஸும் சேர்த்து 300 கிலோ வைத்துக்கொள்ளுங்கள். 20 டிகிரி இறக்கத்தில் அந்த 300 கிலோ, சுமார் 100 கிலோ விசையோடு வண்டியைப் பின்னாலிருந்து தள்ளும். டிரெய்லரில் 600 கிலோ கட்டினால் 200 கிலோவுக்கு மேல். பெரிய ஏ.டி.வி. ஒன்றின் எடையே சுமார் 310 கிலோதான். அதோடு பாதி நிரம்பிய டிரம்மில் தண்ணீர் அலைபாயும். வளைவில் ஒரு பக்கமாகச் சாய்ந்து இழுக்கும். சரிவில் டிரம்மை நிறைக்க வேண்டும், அல்லது காலியாக வைக்க வேண்டும். இதைவிட நல்ல வழி, படுதாக் குளத்தை மேலே வெட்டி, தண்ணீரை ஓஸில் இறக்குவது. தண்ணீருக்கு வண்டி தேவையில்லை, இறக்கம் போதும்.

அறுவடைக் கணக்கு இதைவிட எளிது. ஐந்து கிலோ பச்சை ஏலக்காய் காய்ந்தால் சுமார் ஒரு கிலோ. ஒரு நாள் எடுப்பில் 300 கிலோ பச்சைக்காய் வந்தால் கேரியர் கணக்கில் இரண்டு மூன்று நடை. அதற்கு ஏ.டி.வி. தாராளம். பெரிய வண்டியைக் கேட்பது காய் அல்ல, உரமும் தண்ணீரும்தான்.

ஐந்து கேள்விகள்

1. ஆக்ஸிலேட்டரை விட்டால் இன்ஜின் பிடிக்குமா?

பெரும்பாலான ஏ.டி.வி.களில் கியருக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் சி.வி.டி. இருக்கிறது. ஸ்கூட்டர் ஓட்டியவர்களுக்குத் தெரியும்: இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டால் ஒரு வேகத்துக்குக் கீழே வண்டி நழுவத் தொடங்கும். சாதாரண சி.வி.டி.யில் அதுவேதான் நடக்கும். நல்ல வேலை வண்டிகளில் இதற்குத் தனி ஏற்பாடு உண்டு. யமஹாவின் அல்ட்ராமேட்டிக்கில் ஒருவழிக் கிளட்ச் ஒன்று பெல்ட்டைத் தளரவிடாமல் வைத்திருப்பதால், ஆக்ஸிலேட்டரை விட்டாலும் இன்ஜின் சக்கரங்களைப் பிடித்திருக்கும். ஹோண்டா பெல்ட்டையே விட்டுவிட்டுப் பல் சக்கர கியர் வைக்கிறது: ரூபிகானில் இரட்டைக் கிளட்ச், ரின்கானில் டார்க் கன்வெர்ட்டர். பெல்ட் நனைந்து வழுக்கும் பயம் ஹோண்டாவில் இல்லை. ஆனால் ரின்கானில் லோ ரேஞ்ச் கிடையாது, ரூபிகானில் உண்டு. 20 டிகிரி இறக்கம் உள்ள தோட்டத்துக்கு லோ இல்லாத வண்டி வேண்டாம், எவ்வளவு நல்ல கம்பெனியானாலும்.

2. முன் சக்கரம் எப்போது வேலை செய்யும்?

"ஃபோர் வீல்" என்ற ஒரே பெயரில் மூன்று விதம் விற்கிறார்கள். முதலாவது, சுவிட்ச் போட்டதும் முன் சக்கரமும் சேர்ந்துகொள்ளும் வகை. கிரிஸ்லியில் இரண்டு சக்கரம், நான்கு சக்கரம், நான்கோடு டிஃப் லாக் என மூன்று நிலை. இரண்டாவது, தேவைக்கு மட்டும் சேரும் வகை. போலாரிஸில் பின் சக்கரம் வழுக்கிய பிறகே முன் ஹப் பிடிக்கும். மூன்றாவது, கவாஸாகி ப்ரூட் ஃபோர்ஸ் 750-இல் போல, முன் டிஃபரென்ஷியலை ஒரு லீவரால் நாமே இறுக்கிக்கொள்ளும் வகை.

ஏற்றத்தில் மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான், வழுக்கினால் பிடித்துக்கொள்ளும். இறக்கத்தில்தான் வித்தியாசம். தேவைக்குச் சேரும் வகையில், முன் சக்கரத்துக்கு இன்ஜின் பிடிப்பு பொதுவாகப் போய்ச் சேராது. முழுப் பிடிப்பும் பின் சக்கரங்களில்தான். இறக்கத்திலோ எடை முன்னால் சாய்ந்திருக்கும். பின் சக்கரம் லேசாகி, ஈர மண்ணில் வழுக்கும். இதைச் சமாளிக்கப் போலாரிஸ் சில மாடல்களில் இறக்கக் கட்டுப்பாடு ஒன்றைச் சேர்த்திருக்கிறது. வாங்கும் மாடலில் அது உண்டா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். "ஃபோர் வீல் இருக்கு சார்" என்பது பதில் ஆகாது.

3. பிரேக்கில் சேறு புகுமா?

ஜூன் முதல் நவம்பர் வரை நம் பாதைகளில் ஓடுவது தண்ணீர் அல்ல, செம்மண் குழம்பு. திறந்த டிஸ்க் பிரேக்கில் அது உப்புத்தாள் போல வேலை செய்து பேடைத் தின்றுவிடும். கிங்குவாட் 750-இலும் யமஹா கோடியாக் 700-இலும் பின்பக்க பிரேக் எண்ணெயில் மூழ்கிய மூடிய பல தட்டு வகை, சேறு நெருங்காது. கிரிஸ்லியில் நான்கிலும் டிஸ்க். பிடிப்பு கூர்மை, தேய்மானம் அதிகம். மழைக்காலம் முழுக்க ஓடும் தோட்ட வண்டிக்கு நான் மூடிய பின் பிரேக்கையே சொல்வேன். பிரேக் கைப்பிடிப் பூட்டு, பார்க்கிங் கியர் இரண்டும் தனித்தனியே இருக்கிறதா என்றும் பாருங்கள். சரிவில் நிறுத்திவிட்டு மூட்டை இறக்குகிற ஆளின் உயிர் அந்த இரண்டில் இருக்கிறது.

4. உயரத்தில் எவ்வளவு மிஞ்சும்?

காற்று மெலிய மெலிய இன்ஜின் இளைக்கும். டர்போ இல்லாத இன்ஜின் 1000 மீட்டருக்குத் தோராயமாகப் பத்து சதவீதம் இழக்கும். சித்திரபுரம் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு போகும். கொழுக்குமலை உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. இன்று வரும் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் வண்டிகள் கலவையைத் தாமே திருத்திக்கொள்ளும். பழைய கார்புரேட்டர் வண்டியில் ஜெட் மாற்ற வேண்டியிருக்கும். இதை வைத்து 1000 சி.சி.க்குத் தாவ வேண்டாம். லோ ரேஞ்சில் 15 கிலோமீட்டர் வேகத்தில் செய்யும் வேலைக்கு 500 முதல் 700 சி.சி. போதும். அதற்கு மேல் உள்ள குதிரைத்திறன் வேகத்துக்கு. வேகம் நம் பாதையில் கணக்கிலேயே இல்லை.

5. தரைக்கும் வண்டிக்கும் நடுவே எவ்வளவு?

தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் பின்னாலும் அடி தூக்கலாக இருக்கும், பாறை தட்டாது. ஒரே அச்சில் பின் சக்கரம் உள்ள வண்டிகள் எளியவை, சுமையில் பின்பக்கம் அவ்வளவாக உட்காராது, ரிப்பேர் மலிவு. ஆனால் நடு அச்சு கல்லில் இடிக்கும். கல் பாதை என்றால் முதல் வகை, புல்லும் மண்ணும் என்றால் இரண்டாவதும் ஆகும்.

பக்கத்தில் பக்கம் வைத்தால்

இந்த ஐந்தையும் வைத்துப் பார்க்கும்போது மாடல்கள் இப்படி வரிசைப்படுகின்றன.

யமஹா கிரிஸ்லி, கோடியாக் (686 சி.சி.): இறக்கத்தில் நம்பத்தக்க இன்ஜின் பிடிப்பு, தெளிவான நான்கு சக்கர சுவிட்ச். செங்குத்தான ஏலத்தோட்டத்துக்கு என் முதல் தேர்வு கோடியாக்.

சுஸுகி கிங்குவாட் 750: மூடிய பின் பிரேக், கட்டுறுதி. கேரியர் சிறியது. மேற்பார்வைக்கும் எடை குறைந்த வேலைக்கும்.

ஹோண்டா ரூபிகான்: பெல்ட் இல்லை, லோ உண்டு. ஓடையைத் தாண்டும் தோட்டங்களுக்கு. கைப்பிடியிலிருந்தே கியர் மாற்றலாம் என்பதால் ஜீப் ஓட்டிப் பழகியவர்களுக்குக் கை வரும்.

கவாஸாகி ப்ரூட் ஃபோர்ஸ் 750: இரட்டைச் சிலிண்டர், வலு ஏராளம். கனமான டிரெய்லரை மிதமான சரிவில் இழுப்பவர்களுக்கு.

போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 570: 2011-இல் இந்தியாவுக்கு வந்த கம்பெனி. 567 சி.சி. இறக்கக் கட்டுப்பாட்டைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். இதில் டிராக்டராகப் பதிவு செய்யத்தக்க 34 குதிரைத்திறன் வடிவம் ஒன்று வந்தது. அறிமுக விலை 7.99 லட்சம். அதன் முக்கியத்துவம் அடுத்த பகுதியில் விளங்கும்.

ஆனச்சால் பக்கத்துச் சாகசப் பூங்காக்களில் ஓடுகிற சிறிய வண்டிகளை இந்த வரிசையில் சேர்க்காதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை பின் சக்கரம் மட்டும் செயினில் சுற்றும் விளையாட்டு வண்டிகள். "பார்க்கில் ஓட்டினேன், நன்றாக ஏறியது" என்று அதில் ஒன்றை மலிவாக வாங்கினால் முதல் மழையில் தெரிந்துவிடும்.

கவிழும் கோணம்

ஆஸ்திரேலியாவில் பண்ணைக் குவாட் பைக் (ஏ.டி.வி.யை அங்கே அப்படிச் சொல்வார்கள்) விபத்துகளில் ஆட்கள் இறந்துகொண்டே இருந்ததால், 2019-இல் ஒரு பாதுகாப்புத் தரத்தைக் கொண்டுவந்தார்கள். 2021 அக்டோபர் 11 முதல், பொதுப் பயன்பாட்டுக்கு விற்கும் ஒவ்வொரு புது வண்டியிலும் ஓட்டுபவரைக் காக்கும் வளைவுக் கம்பி இருக்க வேண்டும், பக்கவாட்டில் 28.81 டிகிரி சாயும்வரை இரண்டு சக்கரம் தூக்கக் கூடாது. இதை ஒட்டி ஹோண்டாவும் யமஹாவும் அங்கே குவாட் விற்பனையை நிறுத்துவதாகவே அறிவித்தன.

நமக்கு இதில் இரண்டு பாடம். ஒன்று, 28.81 என்பது சோதனைக்கூடத்தில் நிற்கும் வண்டிக்கு. நம் குச்சிக் கணக்கில் அது 55 செ.மீ. ஓடும் வண்டி, உயரத்தில் கட்டிய மூட்டை, ஒரு பக்கச் சக்கரத்தின் கீழ் ஒரு கல் எல்லாம் சேர்ந்தால் அதில் பாதிகூட மிஞ்சாது. ஆகவே பக்கச் சாய்வு 27 செ.மீ.யைத் தாண்டும் இடத்தில் குறுக்கே ஓட்டுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பாதையை வெட்டிச் சமப்படுத்துங்கள். இரண்டு, முதுகுப் பக்கம் நிற்கும் அந்த வளைவுக் கம்பியை இங்கேயும் பொருத்தலாம். வண்டி விலையோடு ஒப்பிட்டால் சொற்பம்.

ஏ.டி.வி. பெரும்பாலும் ஒருவருக்கான வண்டி. பின் கேரியரில் ஆளை உட்கார வைப்பது நம் ஜீப் வழக்கத்தின் மிச்சம். எடை பின்னால் போய், ஏற்றத்தில் முன் சக்கரம் தூக்கி, வண்டி ஓட்டுபவர் மேலேயே மல்லாக்கும். ஆள் ஏற்றத்தான் வேண்டும் என்றால் பக்கத்துப் பக்கம் உட்காரும், கூண்டும் சீட் பெல்ட்டும் உள்ள வகையைப் பாருங்கள்: போலாரிஸ் ரேஞ்சர், கவாஸாகி மியூல் போன்றவை. அவற்றுக்குப் பாதை குறைந்தது ஒன்றரை மீட்டர் வேண்டும். 16 வயதுக்குக் குறைந்தவர்களைப் பெரிய வண்டியில் உட்கார விடாதீர்கள். "வீட்டுக்குள்ளேதானே ஓட்டுகிறான்" என்பது சமாதானம் ஆகாது.

ரோட்டில் இறக்கும் முன்

ஏ.டி.வி.யை வாங்கியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 39-ஆம் பிரிவுப்படி, பதிவு இல்லாத மோட்டார் வண்டியைப் பொது இடத்தில் ஓட்டக் கூடாது. 146-ஆம் பிரிவு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸைக் கட்டாயமாக்குகிறது. தொழிற்சாலைக்குள்ளோ வேலியிட்ட வளாகத்துக்குள்ளோ மட்டும் ஓடும்படி அமைத்த சிறப்பு வகை வண்டிக்குச் சட்டம் விலக்குத் தருகிறது. இங்கே விற்பனைக்கு வரும் ஏ.டி.வி.களில் பெரும்பாலானவை ரோட்டுக்கு அனுமதி பெறாதவை.

நம் தோட்டங்கள் ஒரே துண்டாகவா இருக்கின்றன? மேலே ஒரு ஏக்கர், நடுவே பஞ்சாயத்து ரோடு, கீழே இரண்டு ஏக்கர். அந்த ரோட்டை இருபது அடி கடப்பதும் ரோட்டில் ஓட்டுவதுதான். உங்கள் நிலம் அப்படித் துண்டுபட்டிருந்தால் டிராக்டராகப் பதிவான ஏ.டி.வி. மட்டும் பாருங்கள், அல்லது கடக்கும் வேலையை ஜீப்புக்கு விடுங்கள். விற்பவர் "யாரும் பிடிக்க மாட்டாங்க" என்றால், பிடிப்பது போலீஸ் அல்ல, விபத்து என்பதை நினைவில் வையுங்கள். ஒருவருக்கு அடிபட்ட அன்று இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டி தோட்டத்தின் பத்திரம்வரை இழுத்துக்கொண்டு போகும். ஆர்.சி., வகை அங்கீகாரச் சான்று, வெளிநாட்டு வண்டியானால் சுங்கம் கட்டிய தாள் மூன்றையும் பணம் கொடுக்கும் முன் கையில் வாங்கிப் பாருங்கள்.

காட்டை ஒட்டிய தோட்டக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மதிகெட்டான் சோலை, ஆனமுடிச் சோலை போன்ற தேசியப் பூங்காக்களின் எல்லைக்குள் இந்த வண்டிக்கு இடமில்லை. சின்னக்கானல், பூப்பாறை பக்கம் மாலைக்குப் பின் யானை நடக்கும் பாதைகளில் திறந்த வண்டியில் போகவே வேண்டாம். ஜீப்புக்குத் தகரமாவது இருக்கிறது.

பழைய வண்டி, பாகம், மெக்கானிக்

பழைய ஏ.டி.வி.யில் கிலோமீட்டரைவிட மணி மீட்டர் முக்கியம். கிலோமீட்டரை மணியால் வகுங்கள். பத்துக்கும் கீழே வந்தால் அது லோ ரேஞ்சில் பாரம் இழுத்த வண்டி. பெல்ட்டையும் கிளட்சையும் திறந்து பார்க்காமல் வாங்காதீர்கள். முன் அச்சின் ரப்பர் பூட் கிழிந்திருந்தால் உள்ளே சேறு போயிருக்கும். ஏர் ஃபில்டர் பெட்டியில் காய்ந்த சேற்றுக் கோடு தெரிந்தால் வண்டி ஒருமுறை முங்கியிருக்கிறது.

மூணாறு, அடிமாலி ஒர்க்‌ஷாப்புகளில் ஜீப்புக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் வேலை பார்ப்பார்கள். ஏ.டி.வி. பெல்ட்டுக்கு அப்படி இல்லை. வாங்கும்போதே இரண்டு பெல்ட், ஒரு செட் பிரேக் பேடு, பூட், ஃபில்டர்களை வண்டி விலையோடு பேசி வாங்கிவிடுங்கள். ஆடியில் பெல்ட் அறுந்து, பாகம் வர மூன்று வாரம் ஆனால், அந்த மூன்று வாரமும் மூட்டை தலைமேல்தான்.

மூன்று தோட்டம், மூன்று முடிவு

முதல் தோட்டம்: ஐந்து ஏக்கர் ஏலம், ஒரே துண்டு, பாதை 1.4 மீட்டர், செங்குத்து 18 டிகிரி. லோ ரேஞ்சும் உறுதியான இன்ஜின் பிடிப்பும் மூடிய பின் பிரேக்கும் உள்ள 500–700 சி.சி. ஏ.டி.வி., 300 கிலோ டிரெய்லர். டிரெய்லருக்குத் தனி பிரேக் இருந்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது: பஞ்சாயத்து ரோட்டின் இருபுறமும் பத்து ஏக்கர், சரிவு 12 டிகிரி, பாதை அகலம். ஏ.டி.வி. வேண்டாம். ஜீப், இல்லையெனில் குபோட்டா பி2441 போன்ற 24 குதிரைத்திறன் நான்கு சக்கர மினி டிராக்டர். சுமை கூடுதல், பதிவு சிக்கல் இல்லை, பாகமும் கிடைக்கும்.

மூன்றாவது: மூன்று ஏக்கர், 30 டிகிரியைத் தாண்டிய சரிவு. எந்தச் சக்கரமும் வேண்டாம். ஜப்பானின் எஹிமே ஆரஞ்சுத் தோட்டங்களில் இத்தகைய சரிவுகளுக்கு ஒற்றைத் தண்டவாளத்தில் ஊரும் சிறிய மோட்டார் வண்டி வைத்திருக்கிறார்கள். 1902 நினைவுக்கு வந்தால் தப்பில்லை. இங்கே ஒரு வின்ச்சும் கம்பியும் போட்டாலே பாதி வேலை முடியும்.

ஓட்டிப் பார்க்கும் நாள்

ஷோரூம் வாசலில் ஓட்டிப் பார்ப்பது கல்யாண மண்டபத்தில் பெண் பார்ப்பது போல. எல்லாம் அழகாகத்தான் இருக்கும். வண்டியை உங்கள் தோட்டத்துக்கு, அல்லது அதே சரிவுள்ள இடத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். வர மறுத்தால் அதுவே ஒரு பதில்.

1. வெறும் வண்டியில், லோவில், செங்குத்தான இடத்தில் இறங்குங்கள். பிரேக்கைத் தொடாமல் ஆக்ஸிலேட்டரை விடுங்கள். நடக்கும் வேகத்துக்கு மேல் போனால் குறித்துக்கொள்ளுங்கள்.
2. பின்னால் இரண்டு மூட்டை கட்டி அதையே செய்யுங்கள்.
3. இறக்கத்தின் நடுவில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பார்க்கிங் பிரேக்கில் விட்டு, பக்கவாட்டில் விலகி நில்லுங்கள். ஐந்து நிமிடம் அசையக் கூடாது.
4. பின்பக்கமாக ரிவர்ஸில் ஏறுங்கள். குறுகலான பாதையில் திரும்ப இடமில்லாதபோது இதுதான் கை கொடுக்கும்.
5. நிறைத்த டிரம் டிரெய்லரோடு ஒரு வளைவு இறங்குங்கள். டிரெய்லர் வண்டியைத் தள்ளுவது கையில் தெரிந்தால், சுமையைக் குறையுங்கள் அல்லது வண்டியை மாற்றுங்கள்.
6. நாளை இதை ஓட்டப்போகிற ஆளை ஓட்டச் சொல்லுங்கள். முதலாளிக்குப் பிடித்த வண்டியைவிட, அவர் கால் எட்டும் வண்டி முக்கியம்.

இதற்கெல்லாம் எந்த மாதம் என்று கேட்பீர்கள். ஆடியில் புது வண்டி எடுக்கக் கூடாது என்று நம் வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள்; இங்கே மலையாளிகளுக்கும் அது கர்க்கடகம், நல்ல காரியம் தொடங்காத மாதம். எடுக்க வேண்டாம், ஓட்டிப் பாருங்கள். அந்த ஒரு மாதம் இந்த மலை தன் பாதையை மறைக்காமல் காட்டும். அன்று மூட்டையோடு இறங்கி நின்ற வண்டி எதுவோ, அதற்கு ஆவணி பிறந்ததும் பணம் கட்டுங்கள்.